கப்பல் நிறைய ஏற்றிவிட்டார்கள்



இந்த இதழுக்காக, வெளியிடங்களில் ஊழியம் முடித்து ஊர் திரும்பியவர்களிடம் கட்டுரை கேட்டிருந்தோம். 14 பேர் அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாடு ஆனபிறகு அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாமே நல்ல கட்டுரைகள். எத்தனை கிராமம், எத்தனை பாலர் பள்ளி, எத்தனை கிணறு, எத்தனை தையல் மிஷின் என்று கணக்குச் சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். மிஷனரிச் சங்கத்துக்கு அறிக்கை அனுப்பி அனுப்பிப் பழகிய கை அல்லவா? நானும் பல வருஷம் அப்படி அறிக்கை எழுதியவன்தான், அதனால் குறை சொல்லவில்லை.

அதில் ஒருவர் மட்டும், கட்டுரை முடிந்து கையெழுத்துப் போட்டபிறகு, இடம் மிச்சம் இருக்கிறதே என்பதுபோல அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். புறப்பட்ட அன்று அந்த வீட்டில் இருந்த ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்களாம், தனக்கு அது தொண்டையில் இறங்கவில்லையாம். அவ்வளவுதான். முன்னால் இருந்த நாலு பக்கத்தை ஒருதரம் படித்தேன். அந்த வரியை மூன்று தரம் படித்தேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கார் நிக்கோபார் தீவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அக்காவும் அத்தானும் அங்கே 9 வருஷம் இருந்தார்கள். அத்தான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்கா பாலர் வகுப்பு எடுத்தாள், சாயங்காலம் பெண்களுக்குத் தையல். 2003 பிப்ரவரியில் அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. அத்தானுக்கு முட்டிவலி, சாமான் கட்ட ஆள் வேண்டும் என்று என்னை வரச்சொன்னார்கள். நினைத்த மாத்திரத்தில் போய்விடக்கூடிய ஊர் இல்லை அது. 1956இல் வந்த பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிக்கோபார் தீவுகளுக்குள் வெளியாள் காலெடுத்து வைக்க ‘டிரைபல் பாஸ்’ வேண்டும். இத்தனை நாள், இன்ன காரணம் என்று எழுதி, சீல் வைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளுக்காகப் போர்ட் பிளேரில் ஐந்து நாள் காத்துக்கிடந்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் வாங்கிப்போட முடிந்திருந்தால் அந்தத் தீவு என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று பிறகு யோசித்தபோது, சட்டம் போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ராத்திரி முழுக்கக் கப்பல். காலையில் தீவு தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன். மலை இல்லை, குன்று இல்லை. கடலின்மேல் யாரோ பச்சைப் பாயை விரித்துப் போட்டதுபோலத் தட்டையாகக் கிடந்தது. கிட்டப் போகப் போகத்தான் அது முழுக்கத் தென்னை என்று தெரிந்தது. நம் ஊர்த் தோப்புபோல வரிசை கட்டி நிற்கிற தென்னை இல்லை. விழுந்த நெற்று விழுந்த இடத்தில் முளைத்து, அது காய்த்து, அதன் நெற்று மறுபடி விழுந்து முளைத்தது. அங்கே பன்றிக்குத் தேங்காய், கோழிக்குத் தேங்காய், விருந்தாளிக்கு இளநீர். பழைய காலத்தில் சாமான் வாங்கவும் தேங்காய்தான் காசு.

அக்கா வீட்டின் பின்னால் நெருக்கி அடித்த குச்சி வேலி ஒன்று இருந்தது. அதன் கதையை அத்தான்தான் சொன்னார். போன புதிதில், ஊரிலிருந்து கொண்டுபோன கத்தரி விதையும் முருங்கைப் போத்தும் நட்டிருக்கிறார். அங்கே தோட்டத்துக்குத்தான் வேலி, பன்றிக்கு அல்ல. பன்றிகள் அதுபாட்டுக்கு ஊரெல்லாம் மேயும், சாயங்காலம் அவரவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தால் வந்துசேரும். இது தெரியாத அத்தானின் கத்தரியை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டன. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருக்கிறார். தமிழில்தான் கத்தியிருக்கிறார், கோபத்துக்கு வேறு பாஷை வருமா? அவர்கள் ஒன்றும் பேசவில்லையாம். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் ஏழெட்டுப் பேர் நின்று வேலி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். கூலி கொடுக்கப் போனபோது, அந்த ரூபாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் 9 வருஷத்தில் தான் யார் வாசலிலும் போய்க் கத்தியதில்லை என்றார் அத்தான். எந்த அறிக்கையிலும் அவர் இதை எழுதியதில்லை. எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது?

கடைசி மூன்று நாளும் வீட்டில் ஆள் ஓயவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். நம் ஊர் பிரிவுபசாரம் போல மேடை, மாலை, பொன்னாடை எதுவும் இல்லை. ஒரு கிழவர் காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கிழவர் எழுந்து போனார். மறுநாளும் வந்தார், அதே மாதிரி உட்கார்ந்தார், போனார். என்ன சொன்னார் என்று அத்தானிடம் கேட்டேன். “எல்லாம் சொல்லியாச்சி” என்றார்.

அக்காவைச் சுற்றி எப்போதும் பெண்கள் கூட்டம். தாழம்பழ மாவு செய்து கொண்டுவந்தார்கள். நமக்குத் தாழை என்றால் பூதான் தெரியும், அவர்களுக்கு அதன் பழம் சோறு மாதிரி. ஆள் தலை அளவு இருக்கும் குலையைப் பானையில் போட்டு நெடுநேரம் வேகவைக்கிறார்கள். பிறகு சுளை சுளையாகப் பிரித்து, ஒரு சிப்பியை வைத்துக் குனிந்த தலை நிமிராமல் சுரண்டுகிறார்கள். மஞ்சளாக மாவு இறங்குகிறது, ஆனால் நாரோடு இறங்குகிறது. அந்த நாரை எடுப்பதுதான் வேலை. பிசைந்து, இழுத்து, மறுபடி பிசைந்து, அரை நாள் ஆகிவிடுகிறது. முடிந்ததும் கட்டியாக உருட்டி இலையில் பொதிந்து கட்டுகிறார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் பனம்பழத்துக்கும் நடுவே ஒரு ருசி. என்னதான் நார் எடுத்தாலும் பல்லிடுக்கில் ஒன்றிரண்டு மாட்டும், பனம்பழம் தின்று வளர்ந்த நமக்கு அது புதிசில்லை. அக்காவுக்கு வந்த பொதிகளை எண்ணினேன், 22. “இதை வைச்சி என்னக்கா செய்யப்போற?” என்றேன். “பேசாம ட்ரங்க்கில அடுக்கு” என்றாள். ஒரு குடும்பம் உயிரோடு பன்றிக்குட்டி ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டது. கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அத்தான் கெஞ்சிக் கூத்தாடி விளக்கினார். அப்படியானால் இன்றைக்கே என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி ஊரே சாப்பிட்டது.

புறப்படும் அன்று ஜெட்டிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். நிக்கோபார்க்காரர்கள் பாடினால் நாலு குரலில்தான் பாடுவார்கள். யாரும் எண்ணிக்கொடுக்க வேண்டியதில்லை, பிறவியிலேயே வருகிறது. பாட்டு முடிந்து அக்கா படியேறப்போனாள். அவள் தைக்கச் சொல்லிக்கொடுத்த பெண் ஒருத்தி, இருபது வயது இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்கா பழக்கதோஷத்தில் தமிழிலேயே, “போயிட்டு வாறோம்மா” என்றாள். 9 வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு அந்த அளவுக்குத் தமிழ் புரிந்துவிட்டிருந்தது. உடனே இந்தியில் கேட்டாள்: “எப்போ, தீதி?”

அக்காவுக்குப் பதில் இல்லை. நம் பாஷை நம்மை இப்படித்தான் மாட்டிவிடும். ‘போகிறேன்’ என்று சொல்ல நாக்கு எழாது, அபசகுனம். வரமுடியாத இடத்தில் நின்றுகொண்டும் ‘வருகிறேன்’ என்றுதான் சொல்லுவோம். பாஸ் முடிந்தால் முடிந்ததுதான். ஊழியம் என்ற காரணம் போனபிறகு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்தத் தீவுக்குப் போக அக்காவுக்கு எந்த வழியும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். கப்பல் நகர்ந்து, ஆட்கள் புள்ளியாகி, தென்னை மறுபடி பாயாக ஆகும்வரை அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ட்ரங்குப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன், உள்ளே 22 பொதி.

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு எங்களைக் கொண்டுவந்த கப்பலின் பெயர் ‘நங்கௌரி’. அது நிக்கோபார் கூட்டத்தின் நடுவில் இருக்கிற ஒரு தீவின் பெயர். அந்த மூன்று நாள் பயணத்தில் அத்தான் எனக்கு வேறொரு விடைபெறுதலின் கதையைச் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். இது நம் தரங்கம்பாடியோடு ஒட்டிய கதை, நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தரங்கம்பாடி என்றால் நமக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அச்சுக்கூடம், புதிய எருசலேம் ஆலயம். அவருக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1760இல், அதே ஊருக்கு வேறொரு கூட்டம் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மொராவியச் சகோதரர்கள். போதகர் என்ற மிடுக்கு இல்லாத ஆட்கள், பெரும்பாலும் கைத்தொழிலாளிகள். பொறையாற்றுப் பக்கம் ஒரு தோட்டம் வாங்கி, உழைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். ஏற்கெனவே இருந்த மிஷனரிகளுக்கு இவர்கள் வந்தது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. (ஒரே ஊரில் இரண்டு சபை என்றால் அன்றும் இதே கதைதான்.) உண்மையில் இவர்கள் தரங்கம்பாடிக்காக வந்தவர்கள் இல்லை. டென்மார்க் அரசாங்கம் நிக்கோபாரில் குடியேற்றம் அமைக்க 1756இலிருந்து முயன்றுகொண்டிருந்தது, போனவர்களையெல்லாம் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அந்தத் தீவுகளுக்குப் போகத்தான் இந்தச் சகோதரர்கள் காத்திருந்தார்கள். 1768இல் நங்கௌரியில் போய் இறங்கினார்கள்.

19 வருஷம். காட்டை வெட்டி வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள், ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். மலேரியா கொசுவால் வருகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம். 11 பேர் அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்து, அங்கே வாங்கிக்கொண்ட காய்ச்சலிலேயே இறந்தவர்கள் இன்னும் 13 பேர். பாஷையும் பிடிபடவில்லை. பலன் என்று சபைக்கு எழுதிக்காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில், போதும், மூடிவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. 1787இல் மூடிவிட்டு வரும் வேலை யோஹான் கோட்ஃபிரீட் ஹென்ஸல் என்பவர் தலையில் விழுந்தது. 1779இல் அங்கே போய், பலதடவை காய்ச்சலில் செத்துப் பிழைத்தவர் அவர்.

அந்தக் கடைசி நாட்களைப்பற்றி ஹென்ஸல் பின்னால் கடிதமாக எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்கள் லண்டனில் 1812இல் புத்தகமாக வந்தன, அதாவது விடைபெற்று 25 வருஷம் கழித்து. சாமான்களை ஒழுங்குபண்ணுகிற வேலைக்கு நடுவே அடிக்கடி அந்த 11 கல்லறைகளுக்குப் போய் உட்கார்ந்து அழுததாகச் சொல்கிறார். இதெல்லாம் வீணாகத்தானா போய்விடும் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதாகவும் சொல்கிறார். இதுவரை புரிகிறது, யாராய் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

என்னை நிறுத்தியது அதற்கு அடுத்த செய்தி. அவர் கிளம்புகிறார் என்று தெரிந்ததும் சுற்றுத்தீவுகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கூடிவிட்டார்களாம். ஓலமிட்டு அழுதார்களாம். சீக்கிரம் திரும்பி வாருங்கள் என்று மன்றாடினார்களாம்.

யோசித்துப் பாருங்கள். அவர்களில் ஒருவரும் மதம் மாறவில்லை. இந்த வெள்ளைக்காரர்கள் சொன்ன செய்தி அவர்களுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதி வேண்டியிருக்கவில்லை. பின்னே யாருக்காக அழுதார்கள்? 19 வருஷம் பக்கத்தில் குடியிருந்தவனுக்காக அழுதார்கள். காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப் பார்த்த முகத்துக்காக அழுதார்கள். சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் நங்கௌரிக்கு நேரே எழுதப்பட்டது தோல்வி. கரையில் நின்றவர்களிடம் வேறொரு கணக்கு இருந்திருக்கிறது. அதை எழுதிவைக்க அவர்களுக்கு எழுத்து இல்லை. நல்லவேளையாக ஹென்ஸல் மறக்காமல் அதையும் எழுதினார்.

விடைபெறுதல் என்றதும் நம் போதகர்கள் எடுக்கிற வசனம், மிலேத்துவில் எபேசு மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத இடம். இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னதுதான் அவர்களுக்கு அதிகத் துக்கம். அந்த இடத்தில் பவுல் செய்கிற பிரசங்கமும் பெரிது. நான் என்னென்ன செய்தேன், எப்படிப் பிரயாசப்பட்டேன் என்று அவர் சொல்லுவார். நம் 14 கட்டுரைகளும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் எட்டு அதிகாரம் தள்ளிப் போனால் இன்னொரு விடைபெறுதல் இருக்கிறது, அதை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. அப்போஸ்தலர் 28. மெலித்தா தீவு.

கப்பல் உடைந்து 276 பேர் நனைந்து நடுங்கிக் கரையேறுகிறார்கள். மழையும் குளிருமாய் இருக்கிறது. தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள். விரியன் பாம்பு கையில் கவ்வியதும் பவுலைக் கொலைகாரன் என்கிறார்கள், சாகவில்லை என்றதும் தேவன் என்கிறார்கள். இரண்டும் தப்பு, ஆனால் அதனால் சோறு போடாமல் இருக்கவில்லை. தீவின் தலைவன் புபிலியு மூன்று நாள் விருந்து வைக்கிறான். அவன் தகப்பனுக்குக் காய்ச்சலும் இரத்தபேதியும், பவுல் ஜெபம்பண்ணிச் சுகமாக்குகிறார், மற்ற நோயாளிகளும் வருகிறார்கள். மூன்று மாதம் ஓடுகிறது. இந்த மூன்று மாதத்தில் பவுல் ஒரு பிரசங்கம் செய்ததாக லூக்கா எழுதவில்லை. ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதாக எழுதவில்லை. செய்யாமலா இருந்திருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கலாம். ஆனால் லூக்கா எழுதத் தேர்ந்துகொண்டது அதை இல்லை. தீவுக்காரர்கள் காட்டிய அன்பை எழுதினார், நெருப்பை எழுதினார், கடைசியில், புறப்பட்டபோது வழிக்கு வேண்டியதையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று எழுதினார். வைத்தியர் எழுதிய பிரயாண அறிக்கை அது. வரவுப் பக்கத்தை விடாமல் எழுதியிருக்கிறார்.

என்னென்ன ஏற்றினார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கலாம், மனுஷன்.

நங்கௌரியை மூடியதோடு நிக்கோபார் கதை முடியவில்லை. நூறு வருஷத்துக்குமேல் கழித்து, 1890களின் நடுவில், அதைத் தொடர்ந்தவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலொமோன். போர்ட் பிளேரில் உபதேசியார் வேலை பார்த்தவர், அங்கிருந்து கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அரசாங்கத்தின் ஏஜென்ட்டும் அவர்தான், பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அவர்தான், வானிலைக் குறிப்பு எடுப்பவரும் அவர்தான். தினமும் நாட்குறிப்பு எழுதினார். அதிலிருந்து சில பகுதிகள் 1902இல் லண்டனில் மானிடவியல் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தன. கார் நிக்கோபாரைப்பற்றி ஆராய்கிறவர்கள் அவரைத் தாண்டிப் போகமுடியாது. நம் சேகரங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும்.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் ஹா சேவ் கா. ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றவன். பர்மாவுக்குப் போய் மாந்தளையில் மேற்கொண்டு படித்தான். சாலொமோன் 1909இல் காலமானார். பையன் 1912இல் வாத்தியாராகவும் உபதேசியாராகவும் தீவுக்குத் திரும்பினான். அழைத்து உட்காரவைக்க வாத்தியார் இல்லை. அந்தப் பையன்தான் பின்னாளில் நிக்கோபாரின் முதல் பேராயர், 1952இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். சுவிசேஷத்தைத் தன் ஜனங்களின் பாஷையில் கொடுத்தவர். ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் சிறைப்பட்டு மீண்டவர். கார் நிக்கோபார்ப் பையன்களுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்தியதும் அவர்தான், அத்தானின் கணக்கு வகுப்பைக் காலிபண்ணியது அந்தக் கால்பந்துதான். 1978இல் மறைந்தார்.

நிக்கோபார்க்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஒருவர் செத்துவிட்டால் அவர் பெயரைப் பிறகு யாரும் வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பெயர் ஒரு சாதாரணச் சொல்லாக, மரம், மட்டை, பாதை என்பதுபோல இருந்துவிட்டால், அந்தச் சொல்லையே கைவிட்டு வேறு சொல் உண்டாக்கிக்கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த அதிகாரிகள் இதைக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஹென்ஸல் கூட்டத்தார் காய்ச்சலோடு உட்கார்ந்து படித்த சொற்களில் எத்தனை, அவர்கள் இருக்கும்போதே யாரோடோ சேர்ந்து செத்துப்போயினவோ. அப்படிப்பட்ட தீவில் இன்று ஆஸ்பத்திரி ரிச்சர்ட்சன் பெயரில் நடக்கிறது, பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பெயர் சொல்லித்தான் பிறக்கின்றன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதைப்பற்றி நான் நிறைய எழுதப்போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, தீவு அடியோடு ஆடி, கடல் உள்ளே வந்தது. அக்கா இருந்த கடலோரக் கிராமம் இல்லாமல் போயிற்று. திண்ணை, வேலி, முருங்கை எதுவும் இல்லை. அதே அலை அதே காலையில் தரங்கம்பாடிக் கரையையும் அடித்தது. அக்கா புறப்பட்ட கரை, ஹென்ஸல் வந்து இறங்கிய கரை, இரண்டிலும் ஒரே நாளில் பிணம் பொறுக்கினார்கள்.

பிப்ரவரி மாதம் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே அந்தத் தையல்காரப் பெண். எப்படியோ நம்பரைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அவளும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள், தீவுக்குள்ளே மேட்டில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். திண்ணைக் கிழவரைப்பற்றி அக்கா கேட்டிருக்கிறாள். அவள் பேர் சொல்லவில்லை. கொஞ்சநேரம் சும்மா இருந்திருக்கிறாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவள்தான் கேட்டாளாம்: “உங்க ஊர்லயும் தண்ணி வந்துச்சின்னு ரேடியோல சொன்னாங்க. தீதி, உங்களுக்கு அரிசி இருக்கா?”

தகரக் கொட்டகையில் நின்றுகொண்டு கேட்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 14 கட்டுரைகளையும் எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்பட வேண்டாம், எதையும் நிராகரிக்கவில்லை. கணக்கெல்லாம் அப்படியே வரும், அடுத்த இதழிலேயே வரும். கூட ஒரு பக்கம் மட்டும் எழுதிச் சேர்த்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். கோழிக்குழம்பு எழுதியவரிடம் கொஞ்சம் விவரமாக எழுதச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மலையோ தீவோ வடநாட்டு வறட்டுக் கிராமமோ, ஊழியம் முடித்துத் திரும்பியவர் உங்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். போன அன்று முதன்முதலில் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி கொண்டுவந்தார்கள், கிளம்பிய அன்று பெட்டியில் எதைத் திணித்துவிட்டார்கள். 300 வார்த்தை போதும். கையெழுத்துப் பிரதி என்றால் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதவும். 20ஆம் தேதிக்குள் வந்துசேர வேண்டும்.

அக்காவிடமும் கேட்டிருக்கிறேன். 22 பொதியும் என்ன ஆயிற்று என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
ஆசிரியர்